எண்பத்தாறு வீட்டுக் கசாயம்

நொச்சிப்பொத்தை ஊர்க் குழாயில் ஒரு புதன்கிழமை காலையில் தண்ணீரோடு சேர்ந்து தங்கபுஷ்பத்தின் குரலும் வந்தபோது, வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள் முதலில் கேட்ட கேள்வி, தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் வரும் என்பதுதான். பின்னே? நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். அது பாடிக்கொண்டு வந்தால் என்ன, அழுதுகொண்டு வந்தால் என்ன, முதலில் குடம் நிறைய வேண்டும். குடம் நிறைந்து இடுப்பில் ஏறிய பிறகுதான் ஒருத்தி, இது நம்ம வில்லுக்காரி தொண்டையில்லா என்றாள். பின்னால் நின்றவள், ஆமா, அவளேதான், சரி நீ நகரு என்றாள்.

தங்கபுஷ்பமும் அந்த வரிசையில்தான் நின்றாள், ஏழாவது ஆளாக. தன் குரல் தனக்கு முன்னால் ஆறு குடத்தில் இறங்கிப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். அது என்னுடையது என்று சொல்லப் போனாள். வாய் திறந்தது, உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வரவில்லை.

அவள் கதை இது. வயது நாற்பத்து மூன்று, வில்லுப்பாட்டுக்காரி. அவள் புருசன் ஐயம்பெருமாள் அவளுக்குக் குடம் அடிக்கிறவன். இருபத்திரண்டு வருசமாக அவள் தொண்டை போகிற பக்கமெல்லாம் கூடவே போகிற குடம் அது. அந்த வருசம் பங்குனியில் தொடங்கிச் சித்திரை பாதி வரைக்கும் பதினேழு ஊரில் கொடை, அதாவது அம்மன் கோயில் திருவிழா, பாடினாள். பதினேழு ஊர் அம்மனையும் பிறக்க வைத்து, வளர்த்து, அசுரனோடு சண்டைக்கு அனுப்பி, ஜெயிக்க வைத்து, பீடத்தில் உட்கார வைத்துவிட்டு, வெயிலும் புழுதியும் மைக்செட்டுக்காரர்கள் அன்பாக வாங்கித் தந்த ஐஸ் போட்ட கலரும் சேர்ந்து அரம் வைத்து ராவின தொண்டையோடு சொந்த ஊர் வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்குத்தான் ஊர் முப்பிடாதியம்மன் கோயிலில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை கால் நாட்டினால் அடுத்த செவ்வாய்க்கிழமை கொடை. பாடுகிறவளுக்கு வெற்றிலை பாக்குத் தட்டை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள், அவளும் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தட்டு லேசுப்பட்டது இல்லை. வாங்கின தட்டைப் பாட முடியாமல் திருப்பிக் கொடுத்தால், அதுவும் சொந்த ஊர் அம்மனுக்கு, அப்புறம் எந்த ஊரும் அவள் வீட்டுப் படியேறி வெற்றிலை வைக்காது. அதிலும் நொச்சிப்பொத்தைக் கொடையில் ஓர் இடம் உண்டு. மத்தியானக் கொடையில், அம்மன் பூமியைப் பிளந்துகொண்டு பிறக்கிற இடத்தில், வார்த்தையே இல்லாத ஒரே ஒரு நீண்ட இழுப்பு. அதற்கு ஊரில் உச்சம் என்று பேர். உச்சம் விழுந்தால்தான் சாமியாடிக்கு அருள் வரும், அருள் வந்தால்தான் கொடை கொடையாகும். தங்கபுஷ்பத்துக்கு முன்னால் பாடினவர்கள் அந்த இடத்தில் திணறியிருக்கிறார்கள். அவள் ஒரு வருசம்கூடத் திணறினது கிடையாது.

தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், எங்கள் பக்கத்தில் வாய் இருக்கிற ஒவ்வொருத்தரும் வைத்தியர். கால்நாட்டு முடிந்து அவள் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் கிண்ணமும் செம்பும் வரிசை கட்டி நின்றன. மிளகை நெய்யில் வதக்கி ஒருத்தி, சுக்கும் திப்பிலியும் தேனில் குழைத்து ஒருத்தி, பாலில் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டு ஒருத்தி, நல்லெண்ணெயில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி ஒருத்தி. வேண்டாம் என்றால் மனசு கோணிவிடும். அவளிடம் வாங்கினாயே என்னிடம் ஏன் வாங்கவில்லை என்று ஒரு வருசத்துக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் அந்த மகராசி எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, மூச்சுவிடாமல் குடித்தாள். நெய்யும் எண்ணெயும் தேனும் பாலும் சேர்ந்து தொண்டை சகதியாகிவிட்டது. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிற தரைத்தொட்டியில் ஒரு குடம் மோந்துகொள்ளலாம் என்று குனிந்தவளுக்கு ஒரு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல். குரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, கொட்டைப்பாக்கு விழுகிற சத்தத்தோடு தண்ணீருக்குள் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மோட்டார் போடுகிற கொம்பையா வந்தான். அவள் இரண்டு கையையும் ஆட்டி, போடாதே போடாதே என்று காட்டினாள். அவன் ஏதோ சௌக்கியம் விசாரிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நல்லா இருக்கேன் அக்கா என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டான். குரல் குழாயேறி மேல்தொட்டிக்குப் போய்விட்டது.

இப்படித்தான் அது புதன்கிழமை காலையில் ஊருக்கெல்லாம் பகிர்ந்து கிடைத்தது. மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு என்று இறங்கி, கடைசியில் பொத்தையடித் தெருவுக்குப் போகும்போது தண்ணீர் நூலாகிவிடும். அங்கே குடம் வைக்கிறவர்களைப் பற்றி முன்தெருக்காரர்கள் யாரும் நினைப்பதில்லை. தங்கபுஷ்பத்தின் வீடு போக எண்பத்தாறு வீடு, எண்பத்தாறு துண்டு. ஒரு டம்ளர் குடித்தால் குரல் இரண்டு மூன்று மணி நேரம் தொண்டையில் நின்றது, பிறகு கலைந்தது, மறுபடி குடித்தால் மறுபடி வந்தது. தங்கபுஷ்பமும் குடித்துப் பார்த்தாள், அவளுடைய சகதித் தொண்டையில் மட்டும் அது நிற்காமல் வழுக்கி இறங்கிப் போய்விட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அரை நாள்கூட ஆகவில்லை. மினிபஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர்களைச் சொல்லச் சொல்ல, இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அங்கிருந்து வெயிலில் நடந்து திரும்பி வந்தார்கள். ஒருத்தர்கூட அவனைத் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்பதை நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகப் பாடியதில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை மூன்று தடவை வாசித்தார். ஒன்பது வருசமாக ஒரு மதில்சுவருக்காகச் சண்டை போட்டு வந்த, அண்ணன் தம்பியைக் கட்டின ஓரகத்திகள் இருவர், வழக்கம்போல இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து, இருக்கிறதிலேயே கெட்ட வார்த்தையை எடுத்து வீசினார்கள். அது தாலாட்டு மாதிரி வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டவளுக்கு இன்னொரு தடவை சொல்லேன் என்று கேட்கத் தோன்றியதாம். குளோரின் போடுவதற்கு ஆபீஸிலிருந்து வந்த ஆளைத் தொட்டி ஏணியில் ஏற விடாமல் நிறுத்தி, ஒரு டம்ளர் கொடுத்து, குடித்துவிட்டு அப்புறம் ஏறு என்றார்கள். அவர் குடித்தார், தன் பேரைச் சொல்லிப் பார்த்தார், இன்னொரு டம்ளர் கேட்டார். நோட்டில், தண்ணீரில் பாட்டு இருக்கிறது, குடிக்க உகந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் தெருவில் நடந்து போனால் ஒவ்வொரு வாசலிலும் தன்னையே கேட்டாள். ஒரு வீட்டில் அவள் சிரிப்பு, ஒரு வீட்டில் அவள் அடித்தொண்டை, ஒரு வீட்டில் அவள் கோபம். இத்தனை நாளும் குரலை வைத்துப் பிழைத்தாளே தவிர, அதை எட்டி நின்று கேட்டது கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சந்தோசமாக இருந்தது, போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருத்திக்கு வந்தால் அவள் என்ன செய்வாள், வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கோயில் கமிட்டித் தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சி வந்தார். அந்த மனுசன் வாய் திறந்தாலே கடை ஷட்டரை இழுத்த மாதிரி இருக்கும். அவர் வீட்டுக் குடத்தில் விழுந்ததோ, அவள் பிள்ளைகளைக் கொஞ்சும்போது வருகிற குழைவு. கூச்சத்தில் ஒரு நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவர், வேறு வழியில்லாமல் வந்து, அவள் குரலிலேயே அவளிடம் சொன்னார்.

“திங்கக்கிழமை விளக்கு வைக்குற நேரம் வரைக்கும் பாப்போம்மா. முடியலன்னா தட்ட உன் கையாலயே திருப்பித் தந்துரு.”

தன் வாழ்வு முடிகிற சேதியைத் தன் குரலிலேயே, அதுவும் அத்தனை இனிமையாகக் கேட்க யாருக்குக் கொடுத்து வைக்கும்? அவர் தலை குனிந்துகொண்டு போனார். அவள் தட்டை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஐயம்பெருமாள் சைக்கிளை மிதித்து பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற மீரான் பாயிடம் போனான். பாய் முழுக் கதையையும் கேட்டார். குரல் தண்ணீரில் போனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே மத்தியானத்தில் அவ்வளவும் குடித்தாள் என்றதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. தொண்டை என்ன சாக்கடையா, எல்லாரும் வந்து கொட்டிவிட்டுப் போக என்று கேட்டார். காய்ந்த தொண்டைக்கு ஒரு நேரத்தில் ஒரு சாமான் போதும், வெதுவெதுப்பாக, ஒரே ஒரு மடக்கு, அது இறங்கின பிறகு அடுத்தது என்று சொல்லி, வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரக் குச்சியும் கொஞ்சம் சுக்கும் பனங்கற்கண்டும் கட்டிக் கொடுத்தார். அதை அவள் முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பிரமு கற்பூரவல்லி இலையை வேகவைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். அவளுக்கு இவள் மேல் உயிர். புதன்கிழமை பிடித்த தண்ணீர் குடத்து அடியில் கிடந்ததை எடுத்து, அதிலேயே காய்ச்சியிருந்தாள். தங்கபுஷ்பம் பாய் சொன்னபடி ஒரே ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடிக்கொண்டு அது தொண்டையில் நனைந்து இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“பிரமு” என்றாள்.

மூன்று நாளைக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை. பிரமு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழும்போதுதான் தெரிந்தது, தன் தொண்டையில் இருந்த துண்டு போய்விட்டது, வீட்டுக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்து மிச்சத்தைக் குடித்தால் அது வெறும் தண்ணீர். அப்போ சங்கதி இதுதான். குரல் விழுந்த தண்ணீரிலேயே மருந்து காய்ச்சிக் கொடுத்தால் அது வந்த இடத்துக்குத் திரும்புகிறது. நனைந்து பதப்பட்ட தொண்டையில் நிலையாகத் தங்கிவிடுகிறது. ஆனால் கொடுத்த வீட்டில் பாட்டு இருக்காது.

சாயங்காலம் தொட்டிக்கு அடியில் ஊர் கூடியது. அவளும் ஓரமாக நின்றாள். யாரையும் குறை சொல்லக் கூடாது, எல்லாருக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்படி ஒரு குரல் இனி எந்தப் பிறவியில் நமக்கு வாய்க்கும் என்று ஒருத்தர் சொன்னார். ஒரு வருசம் வைத்திருந்துவிட்டு அடுத்த கொடைக்குக் கொடுக்கலாம் என்றார் இன்னொருத்தர். ஓரகத்திகளில் இளையவள், இது போனால் மறுபடி அந்தச் சுவர்ச் சண்டையைத்தான் போட வேண்டும், நினைத்தாலே அசதியாக இருக்கிறது என்றாள். மினிபஸ் கண்டக்டர்தான் எழுந்தான். பிறந்ததிலிருந்து நான் பேசி யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை, இந்த மூன்று நாளும் கேட்டார்கள், எனக்கு அது போதும் என்றான். அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிட்டது. அவரவர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒவ்வொரு வீடாக வந்தார்கள். இந்தத் தடவை முண்டவில்லை, ஒருவர் கொடுத்து அவள் குடித்து அது இறங்கின பிறகே அடுத்தவர் டம்ளரை நீட்டினார். மேலத்தெருவிலிருந்து தூதுவளை ரசம் வந்தது, அதோடு அவள் அடித்தொண்டை வந்தது. நடுத்தெருவிலிருந்து மிளகும் வெற்றிலையும் கொதித்த தண்ணீர் வந்தது, அதோடு அவள் கோபம் வந்தது. கோயில் தெருவிலிருந்து ஆடாதோடை வந்தது, துளசி வந்தது, சித்தரத்தை வந்தது, அவற்றோடு அசுரன் சிரிக்கிற சிரிப்பும் அம்மன் நடக்கிற நடையும் வந்தன. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே சட்டியில் காய்ச்சி ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வைத்துவிட்டுத் திரும்பும்போதே சுவரைப் பற்றி முணுமுணுக்கத் தொடங்கினார்கள், ஆனால் அதில் பழைய சுறுசுறுப்பு இல்லை. அண்ணாச்சி உப்புப் போட்ட வெந்நீரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, கொப்பளித்தால் போதும் என்று ஷட்டர் குரலில் சொன்னார், போகும்போது தொண்டையைத் தடவிக்கொண்டே போனார். கண்டக்டர் இஞ்சிச் சாற்றில் தேன் விட்டு வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு முன்னால் தெருவில் தனியாக நின்று முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் எல்லாப் பேரையும் ஒரு தடவை பாடினான். பிறகு உள்ளே வந்து டம்ளரைக் கொடுத்தான்.

ஒவ்வொரு மடக்குக்கும் அவளுக்குக் கண் நிறைந்தது. இத்தனை பேர் தந்தால் என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் என்னை அந்நியமாக்குகிறாயா என்று கோபித்துக்கொள்வார்கள். அவளும் சொல்லவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் கையை ஒரு நிமிசம் கூடுதலாகப் பிடித்திருந்தாள்.

ஐயம்பெருமாள் ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி என்று சுவரில் சுண்ணாம்பால் வைத்துக்கொண்டு வந்தான். திங்கள்கிழமை மத்தியானம் எண்பத்தைந்து புள்ளி ஆயிற்று. அவள் எழுந்து வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பாடிப் பார்த்தாள். எல்லாம் வந்தது, முன்னைவிட நன்றாகவே வந்தது. அம்மன் பிறக்கிற இடத்துக்கு வந்து உச்சத்துக்கு மூச்சை எடுத்தாள். ஒன்றுமே வரவில்லை, வெறும் காற்று. ஐயம்பெருமாள் குடம் அடிக்கிற மட்டையைக் கீழே வைத்தான். ஒரு வீடு குறையுது என்றான்.

எந்த வீடு என்று இருவரும் விரல்விட்டு யோசித்தார்கள். பொத்தையடித் தெருவில் கடைசி வீடு, சந்தனமாரி வீடு. புருசன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான், இவள் கைப்பிள்ளையோடு பீடி சுற்றிக்கொண்டு கிடக்கிறாள். ஐயம்பெருமாள் செருப்பை மாட்டினான். நீங்க இருங்க, நான் போறேன் என்று தங்கபுஷ்பம் கிளம்பினாள். என்னுடையதைக் கொடு என்று கேட்கத்தான் போனாள், அதை மறைப்பானேன்.

தெரு முனையிலேயே உச்சம் அவள் காதில் விழுந்தது. தண்ணீர் நூலாக வந்த குழாயில் கடைசியாக இறங்கினது அதுதான் போலிருக்கிறது. வார்த்தை இல்லை, ஒரே நீண்ட இழுப்பு, மெல்லிசாக, நடுக்கமில்லாமல். வாசலில் நின்று பார்த்தாள். சந்தனமாரி மடியில் முறத்தை வைத்து இலையில் தூளைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்; காலால் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்; பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. புகையிலைத் தூள் வெயில் விழுந்த இடமெல்லாம் பறந்தது. வாசலிலேயே நின்ற தங்கபுஷ்பத்துக்கே தொண்டை கமறியது.

சந்தனமாரி அவளைப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தினாள். எழுந்துபோய், அரிசிப் பானைக்குள் துணி கட்டி வைத்திருந்த அரைச் செம்புத் தண்ணீரை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தாள். செம்பை வைத்ததும் இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, ஆளையே மடக்கிப் போடுகிற இருமல். பதினொரு வருசத்துத் தூள் அது. இருமி முடித்து, உச்சத்தில் வார்த்தை கிடையாது என்பதால், கரகரப்பான தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

“எடுத்துக்கோங்க மதினி. தரக்கூடாதுன்னு இல்ல. பொறந்ததுலேருந்து இவ என் இருமலத்தான் தாலாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தா. இந்த அஞ்சு நாளாத்தான் தூங்குதா.”

தங்கபுஷ்பம் செம்பைக் கையில் எடுத்தாள். எண்பத்தைந்து மடக்கும் அவள் தொண்டைக்குள் நின்றன. தூதுவளையும் சித்தரத்தையும் துளசியும் தேனும் எல்லாம் ஊரைச் சுற்றி அவள் வாசலுக்கு வந்தன. பதினொரு வருசமாக இருமுகிற இந்தத் தொண்டைக்கு ஒரு வெந்நீர்கூட எந்த வீட்டிலிருந்தும் வந்ததில்லை, அவள் வீட்டிலிருந்தும்தான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. வாசலைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து, சுள்ளியை முறித்து வைத்து அடுப்பை மூட்டினாள். செம்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். முந்தி முடிச்சை அவிழ்த்து, அதிமதுரத்தையும் சுக்கையும் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டைப் போட்டு, பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் கிண்டிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி, வேண்டாம் மதினி, நாளைக்குக் கொடை என்றாள், கையைப் பிடித்து இழுத்தாள்.

“பேசாம குடிட்டி மாரி” என்றாள் தங்கபுஷ்பம். “ஒவ்வொரு மடக்கா, மெதுவா குடி.”

சந்தனமாரி குடித்தாள். இருமல் அடங்கிற்று. குரல் அவள் தொண்டையில் நனைந்து இறங்கி நிலையாக உட்கார்ந்ததைத் தங்கபுஷ்பம் கண்ணால் பார்த்தாள். இனி அது திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணாச்சி வீட்டு முன்னால் நின்று, தட்டு இல்லாத வெறுங்கையைக் காட்டி, பாடுதேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஐயம்பெருமாளிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் எழுந்து, சுண்ணாம்பைத் தொட்டு எண்பத்தாறாவது புள்ளியை வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொடைக்கு நிற்க இடமில்லை. சந்தனமாரியிடம் அவள் வா என்றும் சொல்லவில்லை, பாடு என்றும் கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீசுகோலை எடுத்து வில்லில் தட்டினாள், மணி குலுங்கிற்று, கதை ஓடிற்று. கதை ஓட ஓட ஜனம் தங்கள் தங்கள் வீட்டுத் துண்டை அவள் குரலில் அடையாளம் கண்டு, இது நம்மது, அது உன்னுது என்று பக்கத்து ஆளை இடித்தார்கள். கண்டக்டர் தன் துண்டு வந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டான்.

அம்மன் பிறக்கிற இடம் வந்தது. சாமியாடி வேப்பங்குழையோடு கண்ணை மூடி நின்றார். தங்கபுஷ்பம் மூச்சை எடுத்தாள், வாயைத் திறந்தாள், நிறுத்தினாள். வில் நின்றது. குடம் நின்றது. அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. வெயிலில் ஒரு காக்கை கத்தினது கேட்டது. அவள் வாயை மூடவில்லை. மூடினால் பாட்டு முடிந்துபோகும், அதனால் திறந்தபடியே இருந்தாள், அம்மா தாயே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து உச்சம் வந்தது. நூலாகத் தொடங்கி, நடுக்கமில்லாமல் ஏறி, பந்தல் முழுக்க நிறைந்து நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பீடித்தூளில் மஞ்சளேறிய விரலால் தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு சந்தனமாரி பாடினாள். சாமியாடிக்கு உடம்பு குலுங்கி அருள் வந்தது. குலவை வெடித்தது, மேளம் வெடித்தது, அண்ணாச்சி சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். தங்கபுஷ்பம் வாயை மூடினாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை, வீசுகோலை ஓங்கி வில்லில் இறக்கினாள்.

கதையின் முடிவில் வாழி பாட வேண்டும். சாமியை வாழ்த்தி, ஊரை வாழ்த்தி முடிப்பதுதான் முறை. அவள் அதோடு முடிக்கவில்லை. வாயால் சொல்ல வழக்கமில்லாததைப் பாட்டால் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? தூதுவளை தந்த வீடு வாழி, துளசி தந்த வீடு வாழி, உப்பும் வெந்நீரும் சுமந்து வந்த கை வாழி, இஞ்சியும் தேனும் தந்த கண்டக்டர் வாழி, ஒரே சட்டியில் காய்ச்சின இரண்டு பேரும் வாழி, முதல் வார்த்தை தந்த பிரமு வாழி என்று பேர் பேராக, வீடு வீடாகப் பாடினாள். பேர் வந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எண்பத்தைந்து முடிந்து கடைசி வீட்டுக்கு வந்தபோது அவள் தலை தூக்கிப் பார்த்தாள். அத்தனை மேளத்துக்கும் குலவைக்கும் நடுவில், உச்சத்தைக் கேட்ட பிள்ளை அம்மாக்காரி தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தது. தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். ஐயம்பெருமாள் மட்டையை வைத்துவிட்டு விரலால் குடத்தைத் தட்டினான். மேளக்காரர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை எழுந்துவிடாதபடிக்கு, சந்தனமாரி வாழி என்று ஊரே மெதுவாகச் சொன்னது.